இருட்டு வீதியும் ஜீப்பின் விளக்கும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இரவிலே வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒன்றைச் சொல்லித் தெரியவைக்க வேண்டியதில்லை. பட்டினத்துக்குள் தெருவிளக்கு உண்டு. கடைகளின் வெளிச்சமும் உண்டு. பருத்தித்துறையைத் தாண்டிக் குடத்தனை, அம்பன், நாகர்கோவில், செம்பியன்பற்று, மருதங்கேணி என்று வடமராட்சி கிழக்கை நோக்கிப் புறப்பட்டாலோ, ஆனையிறவுக் கடலேரியின் நடுவே செல்லும் நெடுவீதியிலே இறங்கினாலோ, நமக்குத் துணை நம்முடைய வண்டியின் இரண்டு விளக்குகள்தாம். பகல் முழுவதும் வெயிலிற் காய்ந்த தார் இரவிலும் சூடாக இருப்பதனால் மாடுகள் அதன்மேல் வந்து படுத்துக்கொள்ளும். பின்விளக்கு இல்லாத உழவு இயந்திரப் பெட்டியொன்று முன்னாற் செல்லும். விளக்கில்லாத துவிச்சக்கர வண்டியில் மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒருவர் வருவார். பனங்கூடலும் வேலியும் சேர்ந்து வீதியின் ஓரத்தை இன்னும் கறுப்பாக்கிவிடும்.

ஆகையால், ஜீப்போ லாண்ட் றோவரோ வைத்திருப்பவர்கள், "இந்த விளக்குப் போதாது; இன்னும் இரண்டு பூட்டவேண்டும்" என்று நினைப்பது நியாயந்தான். நானும் அப்படி நினைத்துப் பூட்டியவன். பூட்டிய பிறகு கற்றுக்கொண்டவற்றையே இன்று உங்களோடு பேச எடுத்துக்கொண்டேன். முன்பே கற்றிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதை முதலிற் கேட்டுக்கொள்வோம். மாட்டு வண்டிக் காலத்திலே அச்சின் கீழே தொங்கிய அரிக்கன் லாம்பு போதுமானதாக இருந்தது. அது வண்டிக்காரனுக்கு வழி காட்டியதைவிட, வண்டி வருகிறது என்பதை மற்றவர்களுக்குக் காட்டியதே பெரிது. வழியை மாடு அறியும். மோட்டார் வண்டி வந்ததும் கணக்கு மாறிவிட்டது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வருபவர், தடையைக் கண்டு, பிரேக்கை மிதித்து, வண்டியை நிறுத்துவதற்குள் உலர்ந்த தார் வீதியில் ஏறத்தாழ 20 மீற்றர் போய்விடுவார். 80 கிலோமீற்றர் வேகத்தில் அது 60 மீற்றருக்குக் குறையாது. வேகம் இரட்டித்தால் தூரம் மூன்று மடங்காகிறது. மணலும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் கூடும். விளக்கு 40 மீற்றருக்கு அப்பால் எதையும் தெளிவாகக் காட்டாதபோது 80 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுபவர், தாம் காணாத இடத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டு ஓடுகின்றவரே.

வெளிச்சத்தைக் கூட்டினாற் போதாதோ என்றால், அங்கே இயற்கை ஒரு தடை போடுகின்றது. ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். இரண்டு மடங்கு தூரத்தில் உள்ள மாட்டின்மேல் அதே அளவு ஒளி விழவேண்டுமானால் நான்கு மடங்கு ஒளி வேண்டும். இரண்டு விளக்குக்கு நான்கு விளக்குப் பூட்டினாற் பார்வை இரட்டிக்கும் என்று எண்ணுவது தவறான கணக்கு.

இனி, விளக்கின் பரம்பரையைச் சற்றுப் பார்ப்போம். இரண்டாம் உலக யுத்தத்தின் வில்லிஸ் ஜீப்பில் முன்விளக்குகள் ஒரு சுழலும் தாங்கியில் அமைந்திருந்தன. பொனற்றைத் திறந்து விளக்கைப் பின்புறம் திருப்பினால், அதே விளக்கு எஞ்சினுக்கு வெளிச்சம் காட்டும். இருட்டிலே பழுது பார்க்க நேர்ந்த சிப்பாயின் கஷ்டத்தை அறிந்த யாரோ ஒருவரின் யோசனை அது. லாண்ட் றோவர் 1948ஆம் ஆண்டு ஏப்பிரலில் அம்ஸ்ரடாம் கண்காட்சியிலே முதன்முதலாக வெளிவந்தது. அதன் ஆரம்ப வண்டிகளில் விளக்குகள் முன்புறக் கம்பிவலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தன. மட்கார்ட்டின் முகப்புக்கு அவை நகர்ந்தது 1960களின் பிற்பகுதியில். அக்காலத்து வண்டிகள் பலவற்றின் வட்ட விளக்குக்கு 7 அங்குல விட்டம் என்பது நமக்கு ஒரு பெரிய வசதி. அதே கிண்ணத்தில் இன்று கிடைக்கும் புதிய விளக்கையும் பொருத்திவிடலாம்.

பழைய விளக்கில் தங்குதன் இழை சூடேறி ஒளிரும்போது, இழையிலிருந்து உலோகம் ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறத்திற் படியும். நாட்செல்ல நாட்செல்லக் கண்ணாடி கறுக்கும், இழை மெலியும். 1960களில் ஐரோப்பாவில் வாகனங்களுக்கு வந்த ஹலசன் மின்குமிழ் இந்தக் குறையை ஒரு சாமர்த்தியத்தினால் தீர்த்தது. குமிழுக்குள் அயடீன் அல்லது புரோமீன் சிறிதளவு சேர்க்கப்படுகிறது. ஆவியான தங்குதனை அது பிடித்துக்கொண்டுபோய் மீண்டும் இழையிலேயே சேர்த்துவிடுகிறது. ஆகவே இழையை முன்னிலும் அதிகம் சூடாக்கலாம், ஒளியும் கூடும். 1971இல் வந்த எச்-4 என்னும் மின்குமிழில் உயர்கதிருக்கு 60 வாற், தாழ்கதிருக்கு 55 வாற். தாழ்கதிர் என்று நான் சொல்வது, சாரதிகள் 'டிம்' பண்ணுவது என்று சொல்வதைத்தான்.

இதுவரை எல்லாம் நல்லபடி. நான் தவறியது இதற்கு அடுத்த இடத்தில்.

என்னுடைய பழைய லாண்ட் றோவருக்கு எச்-4 விளக்கு இரண்டும், அதற்கு மேலாகத் தூரத்துக்கு அடிக்கும் விளக்கு இரண்டும் பூட்டுவித்தேன். பூட்டியவர் ஆர், எந்தக் கராச் என்பது இங்கே வேண்டாம். பழைய வயரிலேயே புதிய விளக்கையும் கொழுவிவிடச் சொன்னவன் நானே. சில வாரங்களின் பின் ஓர் இரவு, மருதங்கேணிப் பக்கத்திலிருந்து பிரசவ வேதனைப்பட்ட ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு மந்திகை ஆசுப்பத்திரிக்கு வந்துகொண்டிருந்தேன். நாகர்கோவிலைத் தாண்டும் முன்பே றப்பர் கருகும் மணம் வந்தது. டாஷ்போட்டின் கீழே புகை எழுந்தது. அடுத்த நொடி எல்லா விளக்கும் அணைந்தன. நிலவும் இல்லை. வண்டி நின்ற இடம் வீதியா ஓரமா என்றுகூடத் தெரியவில்லை. பிறகு அந்தப் பெண்ணின் கணவர் சன்னலுக்கு வெளியே சாய்ந்து, கையிலே ரோச் லைற்றைப் பிடித்துக்கொண்டிருக்க, நடைவேகத்திலே மிச்சத் தூரத்தைக் கடந்தோம். பிள்ளை ஆசுப்பத்திரியிலேதான் பிறந்தது. ஆனாலும் பின்னாலிருந்து கேட்ட அந்த அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

நடந்தது என்ன? 60 வாற் மின்குமிழ் இரண்டுக்கு 12 வோல்ற்றிலே 10 அம்பியர் மின்னோட்டம் வேண்டும். 55 வாற் துணைவிளக்கு இரண்டுக்கு இன்னும் 9 அம்பியருக்குச் சற்று மேலே. இவ்வளவும், அரைவாசி மின்னோட்டத்துக்கென்று போட்ட மெல்லிய வயரின் ஊடாகவும், ஐம்பது வருடம் பழைய ஆளியின் ஊடாகவும் போனால், அவை சூடாகாமல் என்ன செய்யும்? அதிலும் அந்தப் பாதையில் உருகி, அதாவது பியூஸ், இருக்கவில்லை.

கருகாமல் தப்பினாலும் நட்டம் வேறொன்று உண்டு. மெல்லிய வயரிலும் துருப்பிடித்த இணைப்பிலும் மின்னழுத்தம் கரைந்துபோகும். மின்குமிழின் ஒளியோ மின்னழுத்தத்துக்கு நேர்விகிதமாகக் குறைவதில்லை. அதைவிட மிக வேகமாகக் குறையும். அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளியில் பத்தில் மூன்று பங்கு போய்விடும். ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளியிற் பாதிக்கு மேல் இல்லை. ஆகவே, "விளக்கு மங்கல்" என்று முறையிட்டுப் புதிய விளக்கு வாங்க ஓடுபவர், முதலில் ஒரு வோல்ற்மானியை எடுத்து, எஞ்சின் ஓடும்போது பற்றரி முனையிலும், எரிகின்ற மின்குமிழின் முனையிலும் அளந்து பார்க்கட்டும். இரண்டுக்குமிடையே ஒரு வோல்ற்றுக்கு மேல் வித்தியாசம் இருக்குமானால் அவருக்குத் தேவையானது புதிய விளக்கன்று, புதிய வயர்.

இதற்குக் கைகண்ட வழி றிலே என்னும் சிறு பெட்டி. பற்றரியிலிருந்து தடித்த வயர் ஒன்று நேரே றிலேக்கு வரும்; அங்கிருந்து விளக்குக்குப் போகும். பழைய ஆளியின் வேலை, றிலேக்குள் இருக்கும் சிறு காந்தத்தை இயக்குவது மட்டுமே. அதற்கு அம்பியரில் ஒரு சிறு பங்கு போதும். றிலேயின் அடியில் இலக்கங்கள் பொறித்திருக்கும்: 30 என்பது பற்றரிப் பக்கம், 87 என்பது விளக்குப் பக்கம், 85உம் 86உம் காந்தச் சுருளின் இரு முனைகள். துணைவிளக்கு இரண்டுக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் தடிப்புள்ள செப்பு வயரும் 15 அம்பியர் உருகியும் பொருத்தமானவை. உருகியைப் பற்றரிக்கு மிக அருகிலே வைக்கவேண்டும். பற்றரிக்கும் உருகிக்கும் இடையில் ஒரு முழம் வயர் கிடந்தால், அந்த ஒரு முழத்துக்குக் காவல் கிடையாது.

திரும்பிவரும் பாதையையும் மறக்கக்கூடாது. கராச்சில் 'ஏர்த்' என்று சொல்வார்களே, அதுதான். லாண்ட் றோவரின் மேலுடல் அலுமினியக் கலப்பு உலோகம், சட்டமோ இரும்பு. இந்த இரண்டும் தொடும் இடத்தில் உப்பீரம் பட்டால் வெண்பொருக்குப் பூத்துவிடும். உப்பளம் இருந்த ஆனையிறவுக் காற்றையும், காரைநகர், புங்குடுதீவுத் தாம்போதிகளிற் கடல்நீர் சிந்துவதையும் அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனி வயர் ஒன்றை இழுத்துப் பற்றரியின் ஏர்த் முனையிலேயே கட்டிவிட்டு, இணைப்பில் கிறீஸ் தடவிவிடுவது நல்லது.

இனி, மின்சாரம் எங்கிருந்து வருகிறது? பழைய லாண்ட் றோவரின் டைனமோ, தன் முழுப் பலத்தோடு சுழலும்போது தருவது 22 அம்பியர். முன்விளக்குக்குப் பத்து, துணைவிளக்குக்கு ஒன்பது, பின்விளக்குக்கும் இக்னிசனுக்கும் ஐந்து ஆறு, மழை நாளில் வைப்பருக்கு இன்னும் இரண்டு மூன்று என்று கூட்டிப் பார்த்தால் கையில் உள்ளதைவிடச் செலவு கூடிவிடும். மணற்பாதையில் நான்கு சில்லும் இழுக்க மெதுவாகச் செல்லும்போது டைனமோ அந்த 22ஐயும் தராது. மிச்சத்தைப் பற்றரி கொடுக்கும். மணற்காட்டு மணலிலே எஞ்சின் நின்று, பற்றரியும் இறங்கிவிட்டால், தள்ளி ஸ்ராட் பண்ணவும் முடியாது. ஆகவே விளக்கைக் கூட்டுமுன் ஓல்ற்றனேற்றர் போடுவது முறை. அதில் 34 அம்பியரோ 45 அம்பியரோ கிடைக்கும். 1960களின் நடுப்பகுதிக்கு முந்திய வண்டிகளில் நேர்முனை ஏர்த்தாக இருக்கும். ஓல்ற்றனேற்றருக்கு எதிர்முனையே ஏர்த்தாக வேண்டும். மாற்றாமற் கொழுவினால் ஒரு நொடியில் அதன் உள்ளுறுப்புக் கெட்டுப்போகும்.

டைனமோ என்றதும் நம்மவர்க்கு வேறொரு நினைவு வரும். 1990களின் முற்பாதியில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரியும் எரிபொருளும் தடைசெய்யப்பட்ட பொருள்கள். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, அந்தச் சிறு டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். இந்த ஒலிபரப்பை அவ்வாறு கேட்ட நேயர்களும் இருக்கக்கூடும். ஒருவர் மிதிக்க மற்றவர் செய்தி கேட்டார். மிதிப்பவர் களைத்தாற் செய்தி தேய்ந்துபோகும். அந்த வீடுகளிலே ஒரு அம்பியரின் பெறுமதியைப் பொறியியல் படிக்காமலே அறிந்திருந்தார்கள்.

துணைவிளக்குகளில் இரண்டு சாதி உண்டு. இரண்டையும் ஒன்றென மயங்குவோர் பலர். ஒன்று, குறுகிய கதிராகத் தூரத்துக்கு அடிப்பது. இது உயர்கதிரோடு மட்டுமே எரியவேண்டும். டிம் பண்ணியவுடன் தானாகவே அணையவேண்டும். றிலேயின் காந்தச் சுருளுக்கு உயர்கதிர் வயரிலிருந்து மின்சாரம் எடுத்தால் இது தானே நடக்கும். மற்றது, அகலமாகவும் தாழ்வாகவும் பரவும் மூடுபனி விளக்கு. பனித்துளியோ தூறலோ கண்ணுக்கு நேரே ஒளியைத் திருப்பி அடிப்பதனாலேயே நாம் குருடாகிறோம். ஆதலால் இவ்விளக்கை பம்பருக்குக் கீழே, எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்திப் பொருத்தவேண்டும். மார்கழித் தூறலிலும் தைப் பனியிலும் இது உதவும். மணற்பாதையில் இரு பக்கத்துத் தாழம்புதரையும் சில்லுத் தடத்தையும் காட்டும். மஞ்சள் ஒளி பனியை ஊடுருவும் என்ற நம்பிக்கை பரவலானது. பிரான்சு நாட்டில் 1937 தொடக்கம் 1993 வரை மஞ்சள் முன்விளக்கே சட்டமாக இருந்தது. ஆனால் பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரிது. அது எந்த நிறத்தையும் ஏறத்தாழ ஒரே அளவாகச் சிதறடிக்கும். மஞ்சள் சில கண்களுக்கு இதமாக இருக்கலாம், அவ்வளவே. கூரைமேல் விளக்கு வரிசை பூட்டுவதைப் பற்றி என் அபிப்பிராயம், அது படத்துக்கு அழகு என்பது. தூசியிலும் பனியிலும் அந்த ஒளி சாரதியின் கண்ணுக்கு முன்னாலேயே வெள்ளைத் திரை கட்டும். பொனற்றிற் பட்டுத் தெறித்தும் கண்ணைக் கூசவைக்கும்.

எல்லாவற்றையும் திருத்திப் பூட்டிய பிறகும் எனக்கு ஒரு பாடம் மிச்சமிருந்தது. ஒருநாள் முன்னிரவு, அம்பனுக்கு அருகில், எதிரே துவிச்சக்கர வண்டியில் முதியவர் ஒருவர் வந்தார். மோட்டார் வண்டி வந்தால் டிம் பண்ணும் பழக்கமுள்ள நான், துவிச்சக்கர வண்டிதானே என்று உயர்கதிரோடும் துணைவிளக்கோடும் சென்றேன். அவர் வண்டியோடு ஓரத்து மணலில் விழுந்தார். ஓடிச்சென்று தூக்கினேன். முழங்கை உரஞ்சியிருந்தது. அவர் ஏசவில்லை. "தம்பி, உதை அணைச்சுப்போட்டு வாறதுக்கென்ன? எனக்கு றோட்டே தெரியேல்லை" என்றார். நான், அவரை நன்றாகக் கண்டுகொண்டே வந்தேன் என்பதுதான் எனக்கு வெட்கமாயிருந்தது.

கண் இருட்டுக்கு முற்றாகப் பழகுவதற்கு அரைமணி நேரம் வரை செல்லும். அதைக் கெடுக்க ஒரு நொடி போதும். வயது ஏற ஏறக் கண்மணி சுருங்கும், வில்லையும் மங்கும். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, இருபது வயதுக் கண்ணுக்குக் கிடைக்கும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கு அளவே கிடைக்கிறது. கூச்சம் பட்டபின் தெளிவதற்கும் அவர்களுக்கே அதிக நேரம் வேண்டும். நம்முடைய ஊர் வீதிகளில் இரவிலே நடந்தும் மிதித்தும் செல்வோரிற் பலர் அந்த வயதினர். ஆனையிறவு போன்ற நேர் வீதியிலே ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலிருந்தே நம் விளக்கு அவர்கள் கண்ணிற் குத்தும்.

இங்கேதான் எல்.ஈ.டி. மின்குமிழ்களைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. ஹலசன் குமிழுக்கென அமைத்த தெறியாடியிலே, இழை இருக்கவேண்டிய இடம் மில்லிமீற்றர் கணக்கிலே தீர்மானிக்கப்பட்டது. எச்-4 குமிழுக்குள் தாழ்கதிர் இழையின் கீழே ஒரு சிறு உலோகக் கிண்ணம் இருக்கும். மேல்நோக்கிப் போகும் ஒளியை அது மறைக்கிறது. அந்த இடத்தில் மலிவான எல்.ஈ.டி. குமிழைச் செருகினால், ஒளிரும் பகுதி சற்று இடம் மாறியிருக்கும், மறைப்பும் சரியாயிராது. டிம் பண்ணியும் எதிரே வருபவர் கண்ணை மூடுவது இதனாலே. எல்.ஈ.டி.யே கூடாது என்பதல்ல. குமிழும் ஆடியும் ஒன்றாக அமைக்கப்பட்ட 7 அங்குல முழு விளக்கை வாங்கினாற் குறைந்த மின்சாரத்தில் நல்ல வெளிச்சம் கிடைக்கும். டைனமோ வண்டிக்கு அது வரப்பிரசாதம்.

வாங்கும்போது இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். நாம் வீதியின் இடப்பக்கம் ஓடுபவர்கள். நமது தாழ்கதிர் இடப்பக்கத்தில் 15 பாகை அளவுக்கு மேலேறி, ஓரத்தில் நடப்பவரைக் காட்டவேண்டும். வலப்பக்கம் ஓடும் நாடுகளுக்கென அமைத்த விளக்கோ வலப்பக்கத்தில் மேலேறி, எதிரே வருபவர் முகத்தில் அடிக்கும். ஐரோப்பிய விதிப்படி அமைந்த விளக்கின் கண்ணாடியில், வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்துப் பொறித்திருக்கும். அதன் அருகே, விளக்கைப் பார்த்து நிற்பவரின் வலப்பக்கம் நோக்கிய அம்புக்குறி இருந்தால், அது நமக்குரிய விளக்கு. அம்புக்குறியே இல்லையென்றால் அது வலப்பக்க நாடுகளுக்குரியது. விலை மலிவு என்று கடைக்காரர் சொன்னாலும் வாங்கவேண்டாம்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் கீழே வண்டியின் விளக்குகள் ஒழுங்கு செய்யப்படுகின்றன. 2025 சனவரியில் வண்டிகளின் மேலதிக அலங்கார உறுப்புகளைப் பொலிசார் அகற்றுவித்தபோது முணுமுணுத்தவர்கள் உண்டு. நிறம் மாறி மாறி மின்னும் விளக்குகளைப் பொறுத்தவரை நான் பொலிசாரின் பக்கமே. புதிய விளக்குப் பூட்டுவோர், எது அனுமதிக்கப்பட்டது என்பதை முற்கூட்டியே கேட்டறிந்துகொள்வது செலவைக் குறைக்கும்.

பூட்டியாயிற்று, இனிக் குறிபார்க்கும் வேலை. சமதரையில், வெள்ளைச் சுவரொன்றுக்கு எதிரே 10 மீற்றர் தூரத்தில் வண்டியை நிறுத்துங்கள். விளக்கின் நடு உயரத்தை நிலத்திலிருந்து அளந்து, அதே உயரத்தில் சுவரிலே கரிக்கோடு ஒன்று கீறுங்கள். தாழ்கதிரின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 10 சென்ரிமீற்றர் கீழே விழவேண்டும். நூறுக்கு ஒன்று என்ற இந்தச் சரிவிலே, 90 சென்ரிமீற்றர் உயரத்திலுள்ள ஜீப் விளக்கின் கதிர் 90 மீற்றர் தூரத்தில் வீதியைத் தொடும். ஜீப்பின் விளக்குக் காரின் விளக்கைவிட உயரத்தில் இருப்பதனால், சிறிது தவறினாலும் எதிரே வரும் காரோட்டியின் கண்மட்டத்துக்கு வந்துவிடும். ரயரைப் பெரிதாக்கியவர்களும், ஸ்பிறிங்கை உயர்த்தியவர்களும் அன்றே மறுபடி குறிபார்க்கவேண்டும்.

சுவருக்கு முன்னால் நிறுத்தும்போது வெறும் வண்டியாக நிறுத்தவேண்டாம். வழக்கமாகப் பின்னால் ஏற்றும் பாரத்தை ஏற்றிக்கொண்டே பாருங்கள். நான்கு மூடை நெல்லோ, ஆறு பேரோ பின்னால் இருந்தால் மூக்கு நிமிரும். மூக்கோடு விளக்கும் நிமிரும். வெங்காயக் காலத்தில் ஒருமுறை, பாரம் இறக்கியபின் ஒருமுறை என்று பார்த்தாலும் தவறில்லை. ஒரு திருகாணியைச் சற்றுத் திருப்பினால் முடிகின்ற வேலை அது.